பானையை அளந்த பிறகு மண்ணைக் குழையுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

சனி, ஞாயிறுகளில் பெங்களூரிலிருந்து கனகபுரா, மாகடி, ஆனேக்கல், தளி, அஞ்செட்டி பக்கத்துக் கிராமங்களுக்குப் போய், விறகு மிச்சமாகும் அடுப்புக் கட்டச் சொல்லித்தரும் தமிழ் அன்பர்கள் பலர் எழுதியிருந்தார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி (அல்சூர் வாசகி): அஞ்செட்டி பக்கம் ஒரு கிராமத்தில், ஒரே நாளில் நாற்பது பெண்களுக்குப் புகையில்லா அடுப்புக் கட்டக் கற்றுத்தர எங்கள் குழு நினைக்கிறது. பந்தல், ஒலிபெருக்கி எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. முதலில் எதைச் சொல்லித்தர வேண்டும்?

பதில்: முதலில் பந்தலை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நாற்பது பேர் கூடினால் நாலு பேர் கைதான் மண்ணில் படும். மற்றவர்கள் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அடுப்பு பார்த்துக் கற்கிற விஷயம் இல்லை. ஒரு தடவைக்கு ஆறு பேர், மிஞ்சிப்போனால் எட்டுப் பேர் போதும். கட்டுகிற இடம் பொதுத் திடலாக இருக்கக் கூடாது. அந்த ஆறு பேரில் ஒருவருடைய சமையலறையாகவே இருக்கட்டும். திடலில் கட்டிக் காட்டும் அடுப்புக்குக் கூரையும் இல்லை, பானையும் இல்லை, காற்று வரும் திசையும் வேறு.

வேலையை மூன்று வருகையாகப் பிரியுங்கள். முதல் வருகையில் மண் சோதனை, பானை அளவு, இடம் குறிப்பது, மண்ணை ஊறப்போடுவது. ஒரு வாரம் கழித்து இரண்டாம் வருகையில் கட்டுவது. அடுப்புக் காய இரண்டு வாரம் விட்டு, மூன்றாம் வருகையில் தீ மூட்டுவதும் குறை பார்ப்பதும். பல குழுக்கள் விட்டுவிடுவது இந்த மூன்றாவதைத்தான். உண்மையில் பயிற்சியில் பாதி அதில்தான் இருக்கிறது. எந்த இடத்தில் புகை கசிகிறது, ஏன் கசிகிறது என்பதைத் தீ எரியும்போதுதான் காட்ட முடியும்.

இன்னொன்று. கட்டும்போது உங்கள் கை மண்ணில் படக் கூடாது. வாயால் சொல்லுங்கள், அளவுக்கோலால் காட்டுங்கள்; பூசுவதும் செதுக்குவதும் அந்த வீட்டுப் பெண்ணே செய்யட்டும். முதல் அடுப்பு கோணலாக வரும், பரவாயில்லை. நீங்கள் அழகாகக் கட்டிக் கொடுத்த அடுப்பில் வாய் ஓரம் பெயர்ந்தால், அதைத் தொடப் பயந்துகொண்டு நீங்கள் வரும்வரை காத்திருப்பார்கள். தானே கட்டியவர் அன்று மாலையே ஒரு பிடி மண் எடுத்து அடைத்துவிடுவார்.

டேப் கொண்டு போகாதீர்கள். ஒரு மூங்கில் குச்சியில் நான்கு வெட்டுப் போட்டுக் கொடுங்கள்: அடுப்பு வாயின் உயரம், விறகு எரியும் கம்பித் தட்டிலிருந்து பானை அடி வரை உள்ள உயரம், பானை மூழ்கும் ஆழம், இரண்டாவது பானைக்கான குழியின் ஆழம். பானையைச் சுற்றி விடும் இடைவெளிக்குச் சுண்டு விரல் பருமனே அளவு. அந்தக் குச்சியை அவர்களிடமே விட்டுவிட்டு வாருங்கள். அடுத்த வீட்டில் அடுப்புக் கட்டுவது அந்தக் குச்சியால்தான் நடக்கும்.

கேள்வி (ராமமூர்த்தி நகர் வாசகர்): சுவரைப் பருமனாகக் கட்டினால் சூடு வெளியே போகாமல் தங்கும் என்கிறார்கள். சரியா? உண்மையில் விறகு எதனால் மிச்சமாகிறது?

பதில்: தவறு. ஆனால் படித்தவர்கள்கூட நம்பும் தவறு. கெட்டியான மண் சூட்டைத் தடுப்பதில்லை, குடிக்கிறது. முக்கால் அடிச் சுவரைக் கட்டினால், சோறு வேகும் முன் உங்கள் விறகில் பெரும்பங்கு சுவரைச் சுட வைக்கவே செலவாகும். காலையிலிருந்து இரவு வரை அணையாமல் எரியும் ஹோட்டல் அடுப்பில் இது பொருட்டில்லை. ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம் எரியும் வீட்டு அடுப்பில் இது பெரிய நஷ்டம். சூட்டைத் தடுப்பது காற்றுத் துளைகள் உள்ள லேசான பொருள்: சலித்த சாம்பல், உமிச் சாம்பல், உமி கலந்து சுட்ட மண். அடுப்பின் உள்சுவரை இரண்டு விரல்கடை கெட்டி மண்ணாலும், அதற்குப் பின்னால் மூன்று விரல்கடை சாம்பலில் கொஞ்சம் மண் குழம்பு விட்டுப் பிசைந்ததாலும் கட்டுங்கள்.

மூன்று கல் அடுப்பிலும் நம் பழைய மண் அடுப்பிலும் விறகின் சூட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் பானைக்குள் போகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. விறகு எரியாமல் போய்விடுவதில்லை, பெரும்பாலும் எரிந்துவிடுகிறது. எரிந்த சூடு பானையைத் தொடாமல் பக்கவாட்டில் ஓடிவிடுவதுதான் பெரிய நஷ்டம். எனவே மூன்று வேலை செய்ய வேண்டும். தீயை ஒடுக்கமான சிறு அறையில் எரிய விட்டு, கீழே கம்பித் தட்டு வைத்து அடியிலிருந்து காற்றுக் கொடுக்க வேண்டும். சூடான புகையைப் பானையின் பக்கங்களை உரசிக்கொண்டு குறுகலான சந்து வழியே போக வைக்க வேண்டும். மிஞ்சிய சூட்டுக்கு இரண்டாவது பானையை வழியில் வைக்க வேண்டும்.

இந்த ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி: பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஏ.கே.என். ரெட்டி 1974-இல் தொடங்கிய ‘அஸ்த்ரா’ என்ற கிராமத் தொழில்நுட்ப மையத்திலிருந்து வந்ததுதான் ‘அஸ்த்ரா ஒலே’ (கன்னடத்தில் ஒலே என்றால் அடுப்பு). கர்நாடகக் கிராமங்களில் கொஞ்சம் வயதானவர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னாலே புரிந்துகொள்வார்கள். புதிதாக விளக்க வேண்டிய வேலை மிச்சம்.

கேள்வி (கனகபுரா சாலையில் கொத்து வேலை பார்க்கும் வாசகர்): புகைபோக்கி வைத்த இரண்டு பானை அடுப்புக்கு அளவு வேண்டும். மண் எவ்வளவு பிடிக்கும்?

பதில்: அளவு அடுப்புக்கு இல்லை, பானைக்கு. அந்த வீட்டில் தினம் ஏறும் இரண்டு பாத்திரத்தையும் எடுத்து வரச் சொல்லுங்கள். கீழே நாங்கள் தருவது, 24 செ.மீ. அகலச் சோற்றுப் பானைக்கும் 20 செ.மீ. குழம்புச் சட்டிக்கும் பொருந்தும் அளவு. பாத்திரம் மாறினால் குழி அகலம் மாறும், மற்றவை ஏறக்குறைய அப்படியே.

மொத்த உடல் 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம். குழைத்த மண் சுமார் 150 கிலோ, அதாவது பத்துப் பன்னிரண்டு பாண்டு (கொத்தனார் சட்டி). தரையை ரசமட்டம் பார்த்துச் சமப்படுத்தி, ஒரு வரிசை செங்கல் பரப்பிக்கொள்ளுங்கள், ஈரம் ஏறாது.

அடுப்பு வாய் 12 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம். ‘கட்டை நுழையவில்லையே, இன்னும் பெரிதாக வையுங்கள்’ என்று நிச்சயம் கேட்பார்கள். இணங்காதீர்கள். வாய் பெரிதானால் வேண்டாத குளிர்காற்று உள்ளே புகுந்து தீயை ஆற்றிவிடும்; கூடவே கட்டையைத் திணிக்கும் பழக்கமும் திரும்ப வந்துவிடும். கட்டையைப் பிளப்பதுதான் வழி. கட்டைவிரல் பருமனிலிருந்து இரண்டு விரல் பருமன் வரை போதும்.

சாம்பல் குழி 6 செ.மீ. ஆழம், முன்பக்கம் திறந்திருக்க வேண்டும். அதன்மேல் கம்பித் தட்டு. வார்ப்பிரும்புத் தட்டு கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் சிவாஜிநகர் குஜிரிக் கடைகளில் (பழைய சாமான் கடைகளில்) பழைய 12 மி.மீ. கம்பி வாங்கி, 22 செ.மீ. துண்டாக ஆறு வெட்டி, ஒரு செ.மீ. இடைவெளி விட்டு அடுக்குங்கள். கம்பி முனையை மண்ணில் புதைத்து இறுக்கிவிடக் கூடாது. இரும்பு சூட்டில் நீளும், மண் நீளாது. இறுக்கிப் புதைத்தால் முதல் வாரத்திலேயே அந்த இடத்தில் கோடு விடும். காடி வெட்டி, முனையில் அரை செ.மீ. இடம் விட்டுச் சும்மா வையுங்கள். கம்பி வளைந்தால் எடுத்துத் திருப்பிப் போடவும் வசதி.

தட்டிலிருந்து முதல் பானையின் அடி 15 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். இதைவிடக் குறைந்தால் எரியும் பிழம்பு பானை அடியில் முட்டிக் குளிர்ந்து கரியாகப் படியும். அதிகமானால் சூடு எட்டாது. பானை குழிக்குள் 7, 8 செ.மீ. மூழ்க வேண்டும். மூழ்கிய பகுதியைச் சுற்றிச் சுண்டு விரல் பருமன் சந்து. மேல் விளிம்பில் மட்டும் பானை மண்ணோடு ஒட்டி உட்கார்ந்து புகையை அடைக்க வேண்டும். அதற்குப் பானை வெளிப்புறத்தில் எண்ணெய் தடவி, ஈர மண்ணில் வைத்து இடம் வலமாகத் திருகுங்கள். அச்சு எடுத்ததுபோல் விளிம்பு விழும். பிறகு உள்ளே மட்டும் சந்தைச் செதுக்குங்கள்.

முதல் குழியிலிருந்து இரண்டாவதற்குப் போகும் சுரங்கம் 9 செ.மீ. சதுரம், லேசாக மேல்நோக்கி ஏற வேண்டும். இதற்கு வாழை மரத்தின் தண்டை வெட்டி வைத்து மண்ணைச் சுற்றிக் கட்டிவிடுவது எளிது. மண் இறுகியதும் உருவிவிடலாம். இரண்டாம் குழியில் பானை அடிக்கும் தரைக்கும் நடுவே 4 செ.மீ. போதும், குழியின் நடுவில் ஒரு சிறு மேடு வைத்தால் புகை நேராக ஓடாமல் பானை அடியை நக்கிக்கொண்டு போகும். அங்கிருந்து புகைபோக்கிக்கு அதே அளவுச் சுரங்கம்.

புகைபோக்கி 4 அங்குலக் குழாய். வளைவே கூடாது. கூரையைத் தாண்டி 60 செ.மீ. மேலே நிற்க வேண்டும். உச்சியில் தொப்பி, குழாய்க்கும் தொப்பிக்கும் ஒரு சாண் இடைவெளி. ஓலைக் கூரை வீட்டில் கூரை வழியாக ஏற்றவே ஏற்றாதீர்கள். சுவர் வழியாக வெளியே எடுத்து, கூரையிலிருந்து தள்ளி நிறுத்துங்கள். ஏ.சி. பைப் மலிவு என்று வாங்குகிறார்கள். அது ஆஸ்பெஸ்டாஸ், அறுக்கும் தூசி நுரையீரலுக்குக் கேடு. கடையிலேயே வேண்டிய நீளத்துக்கு வாங்கிவிடுங்கள், ஊரில் வைத்து அறுக்க வேண்டாம். சுட்ட மண் குழாயோ துத்தநாகம் பூசிய இரும்புக் (ஜி.ஐ.) குழாயோ கிடைத்தால் அதுவே மேல். குழாயின் அடியில் கரி வார ஒரு கைத்துளை விட்டு, அரைச் செங்கல்லால் மூடி வையுங்கள். கட்டும்போது மறந்துபோவது பெரும்பாலும் இந்தத் துளைதான்.

கேள்வி (மர்பி டவுன் வாசகி): நாங்கள் கட்டிய அடுப்புகள் காயும்போதே பாளம் பாளமாக வெடித்துவிட்டன. சிமென்ட் கலந்தால் சரியாகுமா?

பதில்: சிமென்ட் வேண்டாம். அதிகச் சூட்டில் சிமென்ட் தன் பிடிப்பை இழக்கும். மண்மேல் பூசினால் இரண்டும் ஒரே அளவில் விரியாது, தகடாகப் பெயர்ந்து வரும். கொத்தனார்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது தனி வேலை.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் மண்ணில் களி (களிமண்) அதிகம். கட்டும் முன் இரண்டு சோதனை செய்யுங்கள். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி ஒரு நாள் அசையாமல் வையுங்கள். அடியில் மணல், நடுவில் வண்டல், மேலே களி என்று அடுக்கடுக்காகப் படியும். கண்ணாலேயே விகிதம் தெரியும். அடுத்தது, ஈர மண்ணைச் சுண்டு விரல் பருமனுக்கு உருட்டி வளையமாக வளையுங்கள். உடையாமல் வளைந்தால் களி நிறைய. அதற்கு மணல் சேர்க்க வேண்டும். உருட்டவே வராமல் உதிர்ந்தால் அது அடுப்புக்கு ஆகாது.

எவ்வளவு மணல் என்பதை மண்தான் சொல்லும். ஒரு பங்கு மண்ணுக்கு ஒன்று, இரண்டு, மூன்று பங்கு மணல் என மூன்று விதமாகக் குழைத்து, மூன்று சிறு செங்கல் அறுத்து நிழலில் நான்கு நாள் காய வையுங்கள். இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுங்கள். விரிசலும் விடாமல், தூளாகவும் போகாமல் இருப்பதுதான் உங்கள் விகிதம். அதில் இரண்டு செ.மீ. நீளத்துக்கு நறுக்கிய வைக்கோல், பசுஞ்சாணம் சேர்த்து ஒரு வாரம் ஈரச் சாக்குப் போட்டு மூடி வையுங்கள். காலால் மிதிப்பது முக்கியம்; மண்வெட்டியால் கிளறினால் களி உருண்டை உருண்டையாகவே நிற்கும், வெடிப்பு அங்கேதான் தொடங்கும். புற்று மண் நன்றாக ஒட்டும் என்பது உண்மை. ஆனால் அந்த ஊரில் கும்பிடுகிற புற்றா என்று கேட்டுவிட்டுக் கை வையுங்கள்; உள்ளே குடியிருப்பவரையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கட்டிய அடுப்பை வெயிலிலோ, தீ மூட்டியோ காயவிடாதீர்கள். மேல்தோல் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும், நடுவில் பிளந்துவிடும். நிழலில் இரண்டு வாரம் காயட்டும். முதல் நான்கைந்து நாள் தினம் ஒரு தடவை ஈரக் கையால் தடவிவிடுங்கள். மழைக்காலமானால் மூன்று வாரம். முதல் தீ சுள்ளித் தீயாக அரை மணி நேரம், அவ்வளவுதான். மெல்லிய கோடுகள் வந்தால் பயமில்லை. அந்த இடத்தை நனைத்து, சாம்பலும் மண்ணும் சரிபாதி குழைத்து அடைத்து, சாணம் போட்டு மெழுகிவிடலாம்.

கேள்வி (ஸ்ரீராமபுரம் வாசகர்): புகைபோக்கி வைத்தும் அடுப்பு வாய் வழியாகவே புகை வருகிறது. ஏன்?

பதில்: பெரும்பாலும் இரண்டாம் குழி திறந்திருக்கும். ஒரே பானையில் சமைக்கும் நாளில் இரண்டாவது துளையை மூடியே ஆக வேண்டும். தண்ணீர்ப் பானை வைத்தால் வெந்நீராவது கிடைக்கும். அது சரியாக இருந்தால் குழாய் அடியில் கரி அடைத்திருக்கிறதா, சாம்பல் கம்பித் தட்டை முட்டி நிற்கிறதா என்று பாருங்கள். ஈர விறகும் காரணமாகலாம். பச்சை மரத்தில் எடையில் கிட்டத்தட்டப் பாதி தண்ணீர். அதை ஆவியாக்கவே தீ போய்விடும். குளிர்ந்த காலையில் மட்டும் புகை திரும்பினால், கைத்துளையில் ஒரு காகிதத்தைக் கொளுத்திப் போடுங்கள். குழாய் சூடானதும் இழுக்கும். காற்றடிக்கும்போது மட்டும் என்றால் குழாய் உயரம் போதவில்லை.

கேள்வி (ஆனேக்கல் வாசகி): ராகிக் களி கிண்டும்போது பானை விளிம்பில் மண் உடைந்துபோகிறது. பெண்கள் பழைய அடுப்புக்கே போய்விட்டார்கள்.

பதில்: அவர்கள் மேல் தப்பில்லை. இந்தப் பக்கத்தில் களி கிண்டாத அடுப்பு அடுப்பே இல்லை. வடிவமைக்கும்போதே நினைத்திருக்க வேண்டிய விஷயம் இது. களிக் கோலைப் பிடித்து அழுத்தும்போது விசை கீழே மட்டும் போவதில்லை, பக்கவாட்டில் விளிம்பைத் தள்ளும். மண் அழுத்தத்தைத் தாங்கும், தள்ளலைத் தாங்காது. முதல் குழியின் விளிம்பை 10 செ.மீ. அகலமாக வையுங்கள். பானை உட்காரும் மூன்று இடத்தில் கைப்பிடி அளவு செங்கல் துண்டுகளைப் பதியுங்கள், பாரம் அவற்றில் இறங்கட்டும். கொல்லரிடம் பட்டை இரும்பில் ஒரு வளையம் அடித்து விளிம்புக்குள் போட்டால் இன்னும் நல்லது. கம்பிக்குச் சொன்னதுபோலவே இதையும் இறுக்காமல் சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டுப் போடுங்கள். மாவு போட்டு வெந்ததும் பானையை இறக்கித் தரையில் வைத்துக் கிண்டும் வீடுகளில் இந்தப் பிரச்சினையே இல்லை. எனவே வீட்டுக்கு வீடு கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

கேள்வி (அல்சூர் வாசகர்): விறகு உண்மையிலேயே குறைகிறதா என்று எப்படிக் கணக்குப் பார்ப்பது?

பதில்: ஒரு ஸ்பிரிங் தராசு போதும். 5 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். தண்ணீர் 25 டிகிரியில் தொடங்கினால், பெங்களூரு மாதிரி 900 மீட்டர் உயரத்தில் அது 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். உயர வேண்டியது 72 டிகிரி. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.18 கிலோஜூல் சூடு வேண்டும். எனவே 5 × 4.18 × 72, சுமார் 1,500 கிலோஜூல். காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 16,000 கிலோஜூல் இருக்கிறது. ஒரு கிலோ விறகு செலவானால் அடுப்பின் திறன், அதாவது விறகின் சூட்டில் தண்ணீருக்குப் போன பங்கு, 9 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும். அரைக் கிலோவில் முடிந்தால் 19 சதவீதத்துக்குப் பக்கம். மிஞ்சிய கொள்ளியை எடை போட்டுக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்த எண்ணை வைத்து ஊரில் பேசாதீர்கள். ஒரே பெண், ஒரே சமையல், மூன்று நாள் பழைய அடுப்பில், மூன்று நாள் புதியதில். தினம் காலையில் விறகை எடை போட்டுக் கட்டி வைக்கட்டும். எத்தனை கட்டு மிஞ்சியது என்பது அவர்களுக்கே தெரியும். தண்ணீர்ச் சோதனையில் ஜெயிக்கும் அடுப்பு சமையலில் தோற்பது சகஜம்.

கேள்வி (சிவாஜிநகர் வாசகர்): உஜ்வலா திட்டத்தில் வீட்டுக்கு வீடு கேஸ் வந்துவிட்டது. இனி இது எதற்கு?

பதில்: 2016 மே 1-இல் தொடங்கிய அந்தத் திட்டம் இணைப்பைக் கொண்டுவந்தது. சிலிண்டரைத் திரும்ப நிரப்பும் காசு வேறு கணக்கு. கேஸ் இருக்கும் வீட்டிலும் வெந்நீர், மாட்டுத் தீனி, களி, விசேஷச் சமையல் எல்லாம் விறகில்தான் நடக்கின்றன. புகை விஷயத்தில் கேஸுக்கு நிகரில்லை. மண் அடுப்பை அதற்குப் போட்டியாகப் பேசுவது நியாயமில்லை. புகைபோக்கி புகையைச் சமையலறையிலிருந்து வாசலுக்குத் தள்ளுகிறது, இல்லாமல் செய்வதில்லை. எனவே கேஸ் உள்ள வீட்டில் சமையல் அடுப்பைத் தொடாமல், முதலில் வெந்நீர் அண்டா அடுப்பைத் திருத்துங்கள். அண்டாவைச் சுற்றி இரண்டு செ.மீ. சந்து விட்டு மண் சுவர் எழுப்பி, மேலே மூடி போட்டாலே விறகு கணிசமாகக் குறையும்.

கேள்வி (மல்லேஸ்வரம் வாசகர்): அடுப்பை இலவசமாகக் கட்டிக் கொடுத்துவிட்டால் வேலை சீக்கிரம் முடியுமே?

பதில்: முடியும், எண்ணிக்கையும் ஏறும். 1983 முதல் 2002 வரை நடந்த தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தில் கோடிக்கணக்கான அடுப்புகள் கட்டப்பட்டன, நிலைத்தவை குறைவு. ஒடிசாவில் மேம்பட்ட அடுப்புக் கட்டிய வீடுகளைப் பொருளாதார ஆய்வாளர்கள் ரீமா ஹன்னா, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகியோர் நான்கு ஆண்டுவரை தொடர்ந்து பார்த்தபோது, உள்ளிழுக்கும் புகை முதல் ஆண்டில் குறைந்து, பிறகு அந்தப் பலன் மறைந்துபோனது. அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தாததும், பராமரிக்காததும்தான் காரணம். மண், மணல், வைக்கோல், உழைப்பு அவர்களுடையதாக இருக்கட்டும். குழாயும் கம்பியும் மட்டும் நீங்கள் கொடுங்கள். கட்டி மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துப் போவதற்கான பஸ் செலவை இப்போதே தனியாக எடுத்து வையுங்கள். போகும்போது குழாய் துடைக்க, கயிற்றில் கட்டிய பழைய சாக்குப் பந்து ஒன்று கையில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை குழாய்க்குள் மேலிருந்து அதை இறக்கி இழுக்க யாருக்காவது பழக்கிவிடுங்கள். கூரை ஏற ஆள் இல்லாத வீட்டில் கைத்துளை வழியாகக் கீழிருந்து குச்சியால் தட்டிவிட்டால் போதும்.

கேள்வி (இந்திரா நகர் வாசகி): கடையில் விற்கும் இரும்பு அடுப்பு வாங்கித் தரலாமா?

பதில்: தரலாம். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 13152 முத்திரை பாருங்கள். அந்தத் தரத்தின்படி விசிறி இல்லாத அடுப்பின் திறன் குறைந்தது 25 சதவீதம், விசிறி வைத்ததற்கு 35 சதவீதம் இருக்க வேண்டும். வாங்கும் முன் அந்த வீட்டுப் பானையை அதன்மேல் வைத்துப் பாருங்கள். ஆடினால் வாங்காதீர்கள்.